கொழும்பு மழையில் எந்தப் பிரேக்? றிம் பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும் – ஓர் ஒப்பீடு

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றரின் விலை 470 ரூபாவானது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசையில் நின்று களைத்த கொழும்புவாசிகள் பலர் அந்தக் காலத்தில்தான் சைக்கிளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் வடக்கு கிழக்கு இளைஞர்கள், கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய்வருபவர்கள், சாப்பாட்டுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பவர்கள் எனப் பலருக்கும் சைக்கிள் இன்று பொழுதுபோக்கு அல்ல, போக்குவரத்து.

எங்களில் பலருக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடையின் கீழ் வடக்குக்குப் பெற்றோல் போகாத ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மற்ற எல்லாவற்றையும் சைக்கிள்தான் சுமந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மக்கள் இடம்பெயர்ந்தபோது முதியவர்களும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளும் சைக்கிள்களில்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். சைக்கிளை எப்படி ஓட்டுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால், இன்று கடையில் சைக்கிள் வாங்கப் போகிறவர் முன்னால் வைக்கப்படும் கேள்வி அன்று இருக்கவில்லை. ‘டிஸ்க் பிரேக் உள்ளதா, சாதாரண பிரேக் உள்ளதா?’ இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சில வேளை ஒருவரின் பல நாள் சம்பளம். அந்தப் பணத்துக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

எந்தப் பிரேக்கும் செய்வது ஒன்றுதான். ஓடும் சக்கரத்தை ஏதோ ஒரு பொருளால் அழுத்தி, உராய்வின் மூலம் வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதில்தான் வித்தியாசம்.

றிம் பிரேக்கில் இரண்டு இறப்பர் கட்டைகள் சக்கரத்தின் வெளி வளையமான றிம்மை இரு பக்கமும் நெரிக்கின்றன. எங்கள் அப்பாக்களின் ரலி, லுமாலா சைக்கிள்களில் இருந்த கம்பி பிரேக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் வயருக்குப் பதிலாகக் கம்பிகள் கட்டைகளை மேல்நோக்கி இழுத்து, றிம்மின் உட்புறத்தில் அழுத்தின. இன்று வீதிச் சைக்கிள்களில் இருப்பது கலிப்பர் எனப்படும் கவ்வி. மலைச் சைக்கிள் வகைகளில் இருப்பது நீண்ட இரு கைகளைக் கொண்ட ‘வி’ பிரேக்.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தின் நடுவில், அச்சுக்கு அருகே, ஒரு மெல்லிய உருக்குத் தட்டு பூட்டப்பட்டிருக்கும். வீதிச் சைக்கிளில் அதன் விட்டம் வழமையாக 140 அல்லது 160 மில்லிமீற்றர். கட்டைகள் அந்தத் தட்டை நெரிக்கின்றன. கட்டையை இழுப்பது வயர் என்றால் அது மெக்கானிக்கல் டிஸ்க். குழாய்க்குள் அடைக்கப்பட்ட எண்ணெய் தள்ளினால் அது ஹைட்ரோலிக் டிஸ்க். கடையில் இரண்டையும் ‘டிஸ்க்’ என்றே சொல்வார்கள். ஆனால், பாவனையிலும் பராமரிப்பிலும் இவை இரண்டும் வேறு வேறு பிரேக்குகள். விலை குறைந்த சைக்கிள்களில் இருப்பது பெரும்பாலும் வயர் டிஸ்க்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீதிச் சைக்கிளின் 700சி சக்கரத்தில் ரயர் உட்காரும் இடத்தில் றிம்மின் விட்டம் 622 மில்லிமீற்றர். டிஸ்க்கின் விட்டம் அதில் நான்கில் ஒன்றுதான். சக்கரத்தின் விளிம்பில் பிடித்து நிறுத்துவதை விட நடுவில் பிடித்து நிறுத்துவதற்கு நான்கு மடங்கு போல அதிக விசை வேண்டும். ஆகவே டிஸ்க் பிறப்பிலேயே பலமானது என்று நினைப்பது சரியல்ல. கடினமான கட்டைகளும் எண்ணெய் அழுத்தமும் தரும் நெம்பு பலத்தால்தான் அது அந்தக் குறையை ஈடுசெய்து, அதற்கு மேலும் போகிறது. நெம்பு பலம் குறைந்த மலிவான வயர் டிஸ்க் ஒன்று, நல்ல கலிப்பர் பிரேக்கை விட மோசமாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

மழை என்ன செய்கிறது?

கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அங்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் முடிந்துவிடும். இங்கு மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை, பின்னர் ஒக்டோபர், நவம்பரில் மாலை நேர இடிமழை. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் மழை கொட்டும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

றிம் வீதிக்கு மிக அருகில் சுழல்கிறது. ரயர் வாரியெடுக்கும் தண்ணீரும் சேறும் நேராக அதில் படிகின்றன. பிரேக்கை அழுத்தியதும் கட்டைகள் முதலில் அந்தத் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதற்குச் சக்கரம் ஓரிரு தடவை சுற்ற வேண்டும். அதுவரை பிடிமானம் குறைவு, பிறகு திடீரென்று பிடிக்கும். டிஸ்க் தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. தட்டில் துளைகள் இருக்கின்றன. கட்டைகள் தட்டுக்கு மிக அருகில், அதிக அழுத்தத்தில் வேலை செய்கின்றன. ஆகவே நனைந்தாலும் வித்தியாசம் சிறியது. டிஸ்க்கின் உண்மையான ஆதாயம் இங்குதான் இருக்கிறது.

ஆனால், எல்லா றிம்மும் ஒன்றல்ல. இதைக் கடைக்காரர்கள் அனேகமாகச் சொல்வதில்லை. குரோம் பூசிய உருக்கு றிம் நனைந்தால் சாதாரண இறப்பர் கட்டை அதில் ஏறத்தாழ வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய றிம் நனைந்தாலும் கணிசமாகப் பிடிக்கும். ஆகவே, ‘றிம் பிரேக் மழையில் பிடிக்காது’ என்று பலர் சொல்லும்போது அவர்கள் நினைவில் இருப்பது பெரும்பாலும் பழைய உருக்கு றிம்தான். உங்கள் சைக்கிளின் றிம் எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் ஒரு சிறு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் உருக்கு. ஒட்டாவிட்டால் அலுமினியம்.

நிற்பதற்கு எவ்வளவு தூரம்?

உலர்ந்த வீதியில் நல்ல பிரேக் உள்ள சைக்கிளின் வேகத்தைச் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 5 மீற்றர் என்ற வீதத்தில் குறைக்கலாம். அதற்கு மேல் அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆளை முன்னால் கவிழ்த்துவிடும். இந்த எல்லை டிஸ்க்குக்கும் றிம் பிரேக்குக்கும் பொதுவானது.

மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் இந்த வீதத்தில் நிற்க 3 மீற்றர் போதும். பிரேக்கின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 6 மீற்றர் வேண்டும். கால்வாசியாகக் குறைந்தால் 12 மீற்றருக்கு மேல், அதாவது ஒரு பெரிய பஸ்ஸின் நீளம். 30 கிலோமீற்றர் வேகத்தில் இதே கணக்கு 7, 14, 28 மீற்றர் என்று ஏறும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்தும் வரை ஒரு செக்கன் கழிந்தால், 20 கிலோமீற்றர் வேகத்தில் மேலும் ஐந்தரை மீற்றர் ஓடியிருப்பீர்கள்.

காலி வீதியில் தரிப்பிடத்தைக் கண்டு சடுதியாக இடப்பக்கம் வெட்டும் பஸ்ஸையும், ஆள் கைகாட்டியதும் நிற்கும் ஓட்டோவையும், கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளையும் நினைத்துப் பார்த்தால் இந்த மீற்றர்கள் வெறும் எண்கள் அல்ல. உலர்ந்த நாளில் நல்ல றிம் பிரேக்குக்கும் டிஸ்க்குக்கும் நிறுத்தும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நனைந்த நாளில் உருக்கு றிம்முக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் இருப்பது உயிர் தப்பும் அளவு வேறுபாடு.

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். வீதியைப் பற்றிப் பிடித்து சைக்கிளை நிறுத்துவது ரயர். தேய்ந்த ரயரில் எவ்வளவு நல்ல டிஸ்க் இருந்தாலும் நனைந்த பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோட்டிலும் வடிகாலின் இரும்பு மூடியிலும் சக்கரம் சறுக்கும். இந்த இடத்தில் டிஸ்க்குக்கு மறைமுகமான ஓர் ஆதாயம் உண்டு. கலிப்பர் பிரேக் உள்ள வீதிச் சைக்கிள்களில் பெரும்பாலும் 25 அல்லது 28 மில்லிமீற்றர் அகலத்துக்கு மேல் ரயர் போட இடமிருக்காது. டிஸ்க் சைக்கிள்களில் 30, 32 மில்லிமீற்றர் ரயர்களும் போகும். வெட்டிக் கிளறிய கொழும்பு வீதிகளுக்கு அகலமான ரயர் நல்லது.

காயப்பட்ட கைகளுக்கு

பிரேக் பற்றிய கட்டுரைகள் இரண்டு கைகளும் முழுப் பலத்துடன் இருக்கும் ஒருவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. எங்கள் சமூகத்தில் எல்லோருடைய நிலையும் அதுவல்ல. ஷெல் துண்டு பட்டு நரம்பு பாதிக்கப்பட்ட கை, விரல்கள் இழந்த கை, முற்றாக மடக்க முடியாத மணிக்கட்டு ஆகியவற்றுடன் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு அதிகம் தேவை.

ஹைட்ரோலிக் டிஸ்க்கை ஒரு விரலால் அழுத்தியே சைக்கிளை நிறுத்தலாம். வயர் இழுக்கும் பிரேக்குகளுக்கு, அவை றிம்மாக இருந்தாலும் டிஸ்க்காக இருந்தாலும், கூடுதல் பலம் வேண்டும். வயர் துருப்பிடித்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். கைப்பிடி பலம் குறைந்தவருக்கு ஹைட்ரோலிக் ஆடம்பரம் அல்ல. கூடுதல் பணம் கொடுக்க நியாயமான காரணம் அது.

அதை வாங்க முடியாதவர்களுக்கும் வழிகள் உண்டு. பிரேக் பிடியை ஹாண்டிலுக்கு அருகே கொண்டுவரும் சிறு திருகாணி பல பிடிகளில் இருக்கிறது. அதைத் திருகினால் குட்டையான அல்லது முழுதாக விரியாத விரல்களுக்கும் பிடி எட்டும். நிறுத்தும் வேலையில் பெரும் பங்கைச் செய்வது முன் பிரேக் என்பதால், முன் பிரேக்கின் வயரைப் பலமான கைக்கு மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். ஒரு கை மட்டுமே உள்ளவர்களுக்கு, ஒரே பிடியில் இரண்டு வயர்களையும் இழுக்கும் பிடி வகை இருக்கிறது. பின் பிரேக் சற்று முன்னதாகப் பிடிக்கும்படி அதைச் சரிசெய்ய வேண்டும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும் பிரேக் வகையும் உண்டு. அதற்குக் கையே தேவையில்லை. ஆனால், அதை மட்டும் நம்பாமல் ஒரு முன் பிரேக்கும் வைத்திருப்பது அவசியம்.

எந்தக் கை எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். பிரித்தானிய வழக்கில் வலக்கை முன் பிரேக். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இடக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த சைக்கிளை வாங்கினால், ஏறுவதற்கு முன்னர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு எந்தப் பிடி எதை நிறுத்துகிறது என்று பாருங்கள்.

யார் திருத்துவது?

தடைக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பொருளை வாங்கும்போது அதன் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிரேக் விடயத்தில் அது சரியான கேள்வி.

றிம் பிரேக்கில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கட்டை தேய்ந்தால் மாற்றலாம், வயர் தளர்ந்தால் இறுக்கலாம். இரண்டு சாவிகள் போதும். தெருமுனைச் சைக்கிள் திருத்துபவர் எவரும் செய்வார். கட்டையில் மணலோ அலுமினியத் துகளோ ஏறியிருந்தால் ஊசியால் கிளறி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அது றிம்மை அரம்போல அராவும். றிம் பிரேக்கின் பெரிய குறையும் இதுதான். ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் சக்கரமே தேய்கிறது. பல அலுமினிய றிம்களின் பக்கத்தில் தேய்மானத்தைக் காட்டும் சிறு புள்ளியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால், அல்லது பக்கச்சுவர் உள்நோக்கிக் குழிந்திருப்பதை விரல் உணர்ந்தால், றிம்மை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓடினால் காற்றின் அழுத்தத்தில் றிம் ஒரு நாள் பிளக்கும்.

டிஸ்க்கில் தேய்வது கட்டையும் தட்டும் மட்டுமே. சக்கரம் தப்பிவிடும். ஆனால், டிஸ்க் சுத்தத்தை எதிர்பார்க்கும். சங்கிலிக்கு விசிறும் எண்ணெய் ஒரு துளி தட்டில் பட்டால் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கிறீச்சிடும், பிடிக்காது. பெரும்பாலும் கட்டையையே மாற்ற நேரிடும். நெருக்கமான தரிப்பிடத்தில் இன்னொரு சைக்கிள் சாய்ந்தால் தட்டு வளையும்.

ஹைட்ரோலிக்கில் குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் பிடி ‘பொதுபொது’ என்று அமிழும். காற்றை அகற்றி எண்ணெய் நிரப்பும் வேலைக்குத் தனி உபகரணமும் பழக்கமும் வேண்டும். ஷிமானோவின் பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். ஸ்ராம் நிறுவனத்தின் வீதிச் சைக்கிள் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு, வாகனங்களுக்குப் போடும் டொட் வகைத் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும். டொட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதைக் காலத்துக்குக் காலம் மாற்றவும் வேண்டும். கொழும்பில் போன்ற ஈரப்பதனில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வெள்ளவத்தையில் இன்னொரு பிரச்சினை கடல். கடற்கரை வீதிப் பக்கத்து அறைகளின் கீழே வெளியில் நிறுத்தப்படும் சைக்கிளில் உப்புக்காற்று முதலில் தாக்குவது வயரையும் திருகாணிகளையும்தான். இது றிம் பிரேக்குக்கும் வயர் டிஸ்க்குக்கும் பொதுவானது. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதும், துருப்பிடிக்காத உருக்கு வயர் போடுவதும் இதற்கான வழி. மூடிய குழாயில் ஓடும் ஹைட்ரோலிக்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஊருக்குச் சைக்கிளை பஸ்ஸிலோ ரயிலிலோ அனுப்புவதானால் டிஸ்க் சைக்கிளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய பின்னர் யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால், ஹைட்ரோலிக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் மடித்த காட்போட் துண்டொன்றைச் செருகிவிட்டால் போதும். யாழ்ப்பாணம் போனபின் அதைத் திருத்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பந்தயக்காரர்கள் மாறியது ஏன்?

‘இப்போது டூர் டி பிரான்ஸில் எல்லோரும் டிஸ்க்தான்’ என்பது விற்பனையாளர்கள் சொல்லும் வாதம். உண்மைதான், ஆனால் அந்த மாற்றம் மெதுவாகவே வந்தது. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2015இல் தொழில்முறை வீதிப் பந்தயங்களில் டிஸ்க்கைப் பரீட்சித்துப் பார்க்க அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் காயமடைந்த ஸ்பானிய வீரர் பிரான்சிஸ்கோ வென்டோசோ, தன் காலை வெட்டியது டிஸ்க் தட்டு என்று குற்றஞ்சாட்டியதையடுத்து பரீட்சார்த்தம் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் தொடங்கி, 2018 ஜூலையில் முழு அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் 2020ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸை வென்ற தாதேய் பொகாச்சர் றிம் பிரேக் சைக்கிளில்தான் ஓடினார். டிஸ்க் தொகுதி சைக்கிளின் எடையை அரைக் கிலோ வரை கூட்டுவது பந்தயக்காரர்களின் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

அவர்கள் மாறியதற்கான காரணங்கள் அல்ப்ஸ் மலை இறக்கங்களும் காபன் றிம்களும். நீண்ட இறக்கத்தில் றிம் பிரேக்கின் வெப்பம் முழுவதும் றிம்மில் ஏறுகிறது. காபன் அதைத் தாங்குவது கடினம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 1,000 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொண்டாலும் மீதி பிரேக்குக்குத்தான். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். றிம் சூடேறி ரியூப் வெடிக்கும் ஆபத்து அங்கே உண்டு. ஆகவே மலையகத்தில் ஓடுபவர்கள் டிஸ்க்குக்குப் போவதில் அர்த்தமிருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் வழியில் அப்படியொரு இறக்கம் கிடையாது.

பழைய சைக்கிளுக்கு டிஸ்க் போடலாமா?

பெரும்பாலும் முடியாது. டிஸ்க்குக்கு அச்சுக்குடம் வேறு. கலிப்பரைப் பூட்டுவதற்கு முன் கவட்டையிலும் பின் சட்டகத்திலும் அதற்கென்றே பிடிப்பிடங்கள் இருக்க வேண்டும். சாதாரண கவட்டையில் ஒட்டுப்போட்டுப் பூட்டித் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். டிஸ்க்கின் விசை கவட்டையின் ஒரு காலின் அடியில் விழுகிறது. அதற்கென்று செய்யப்படாத கவட்டை வளையலாம், முறியலாம்.

அதைவிட மலிவான முன்னேற்றம் வேறு இருக்கிறது. உருக்கு றிம் உள்ள சைக்கிளுக்கு அலுமினிய றிம் போடுங்கள். முடியாவிட்டால் முன்சக்கரத்துக்காவது போடுங்கள். கூடவே மழைக்கு ஏற்ற மென்மையான கட்டைகளும் புதிய வயரும். மழையில் கிடைக்கும் பிடிப்பில் இது செய்யும் மாற்றம், மலிவான வயர் டிஸ்க் சைக்கிளொன்றைப் புதிதாக வாங்குவதை விடப் பெரிதாக இருக்கலாம்.

வாங்கும்போது

புறக்கோட்டை டாம் வீதியிலோ வேறெங்குமோ சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் இவற்றைச் சோதிக்கலாம்:

- பிடியை முழுப்பலத்துடன் அழுத்துங்கள். அது ஹாண்டிலைத் தொட்டால் பிரேக் சரியில்லை.
- முன் பிரேக்கை அழுத்தியபடி சைக்கிளை முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் மேலெழ வேண்டும்.
- றிம் பிரேக் என்றால் றிம்மில் காந்தம் வைத்துப் பாருங்கள், பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள்.
- டிஸ்க் என்றால் சக்கரத்தைச் சுழற்றித் தட்டு நெளிகிறதா, உரசுகிறதா என்று பாருங்கள். ஓடி நிறுத்திய உடனே தட்டைத் தொட வேண்டாம், சுடும்.
- ஹைட்ரோலிக் என்றால் பிடியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல அமிழ்ந்தால் கசிவு இருக்கிறது.
- அந்த டிஸ்க்குக்குரிய கட்டை தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். கட்டைகளின் வடிவம் மாதிரிக்கு மாதிரி மாறும். முடிந்தால் ஒரு சோடி மேலதிகமாக வாங்கிவையுங்கள்.

கொழும்பின் சமதரையில் ஓடும், இரண்டு கைகளும் பலமாக உள்ள, செலவைக் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு அலுமினிய றிம்மும் நல்ல கட்டையும் உள்ள றிம் பிரேக் சைக்கிள் போதும். மழையிலும் இருளிலும் தவறாமல் ஓடியே ஆகவேண்டிய தொழில் செய்பவர்களும், மலைப்பாதையில் ஓடுபவர்களும், கைப்பலம் குறைந்தவர்களும், திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொண்டு ஹைட்ரோலிக் டிஸ்க் வாங்கலாம். இரண்டுக்கும் நடுவில் விற்கப்படும் மலிவான வயர் டிஸ்க்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன்னர் இரண்டு தடவை யோசியுங்கள். ஏற்கனவே வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவர்கள், அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னர் கட்டைகளையும் வயரையும் மாற்றிவிடுங்கள். எல்லாவற்றிலும் செலவு குறைந்த வேலை அதுதான்.